கடைசி முழக் கம்பி

செபராங் பிறையின் தென்பகுதியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் நிபோங் திபால். நிபோங் என்பது சதுப்பு நிலத்தில் கூட்டங்கூட்டமாய் வளரும் ஒருவகைப் பனை. திபால் என்னும் மலாய்ச் சொல் அடர்த்தியைக் குறிக்கும். பனை அடர்ந்திருந்த இவ்வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் எழுந்தன. அவற்றில் உழைக்கக் கடல் கடந்து வந்தோருள் தமிழர் பலராவர். அத்தகைய ஊருக்கு 2001ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் வந்து சேர்ந்தது. மின்னியல், மின்னணுவியல், வானூர்திப் பொறியியல் முதலிய துறைகள் அங்கே பயிற்றப்படலாயின.

அவ்வளாகம் எழுந்த காலத்தில் கணினிகளின் முதுகுப்புறத்தில் ஒன்பது முனைகள் கொண்ட சிறு வாயில் ஒன்று தவறாது காணப்பட்டது. கணினிக் கடைகளில் ‘சீரியல் போர்ட்’ என்றழைக்கப்பட்ட இதனைத் தமிழில் தொடர்வாயில் எனலாம். செயற்கைக்கோள் குறிப்பைப் பெறும் கருவிகளாகிய ரிசீவர்கள் பெரும்பாலும் இதன் வழியாகவே கணினியோடு பேசின. விண்ணில் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக்கோளின் நலிந்த ஒலியை ரிசீவர் பிடித்துவிடும். ஆயினும் மேசைமேல் கிடக்கும் இரண்டு முழக் கம்பியைக் கடந்து அச்செய்தி கணினிக்குள் நுழையாது நின்றுவிடும். விண்ணைக் கடந்தது முழக் கம்பியைக் கடக்க மாட்டாமல் போவதேன்? இவ்வினாவிற்கு விடை, பினாங்கையும் சென்னையையும் முதன்முதலில் இணைத்த ஒரு கம்பியின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறது.

கடலடியில் கிடந்த கம்பி

1870ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடித் தந்திவடம் முழுமை பெற்றது. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டின் இறுதியிலும் 1871ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் வடம் இடப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர் பல நாள் அலைந்து கடந்த வங்கக் கடலை, செய்தி சில நிமிடங்களில் கடக்கலாயிற்று. தோட்டத் தொழிலாளிக்கு அதனால் உடனடிப் பயன் ஏதும் விளைந்ததென்று சொல்வதற்கில்லை. தந்திக் கட்டணம் வணிகருக்கும் அரசுக்குமே எட்டியது. தாயின் மறைவுச் செய்தி அவனுக்குக் கடிதமாய்க் கப்பலில்தான் வந்தது. கம்பி பினாங்குத் துறைமுகம்வரை வந்ததேயன்றி அவன் குடியிருந்த லயம்வரை வரவில்லை. இந்தக் குறை பின்னரும் கருதப்படும்.

அவ்வடத்தின் உள்ளிருந்த செப்புக் கம்பியை நீரிலிருந்து காத்தது குட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். இச்சொல்லே மலாய் மொழியின் ‘கெத்தா’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. மலாய்த் தீபகற்பத்தின் காடுகளில் வளர்ந்த மரத்தின் பாலை 1840களில் ஐரோப்பியர் அறிந்தனர். உப்புநீரில் கெடாமல் மின்னைத் தடுத்து நிறுத்தும் பொருள் அதுவேயெனக் கண்டனர். உலகைச் சுற்றிய தந்திவடங்கள் பெரும்பாலும் இத்தகைய மரப்பாலைப் போர்த்தியே கடலுள் இறங்கின.

ஆயினும் வடம் இடுவது எளிது. அது வாய் பேசாதபோது காரணம் காண்பது அரிது. இதனை உலகம் பெரும்பொருள் இழந்தே கற்றது. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அட்லாண்டிக் கடலின் குறுக்கே முதல் வடம் முடிந்தது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு விடுத்த 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. குறிகள் மங்கலாய் வருவதைக் கண்ட பொறுப்பாளர் வைட்ஹவுஸ், மின்னழுத்தத்தை ஏறக்குறைய 2,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தினார். ஏற்கெனவே நலிந்திருந்த வடம் அத்துடன் செயலிழந்தது. மூன்றே வாரங்களில் அதன் வாழ்வு முடிந்தது. மறுமுனையில் இருப்பவருக்குக் காது கேட்கவில்லை என்று எண்ணி உரக்கக் கத்துவது போன்றது அச்செயல். கேட்கும் கருவியை நுண்மையாக்க வேண்டும் என்று சொன்னவர் வில்லியம் தாம்சன். அவர் அமைத்த கண்ணாடி மின்காட்டி, மிக மெல்லிய குறியையும் ஓர் ஒளிக்கீற்றின் அசைவாய்க் காட்டியது.

இத்தோல்விக்குப் பின்னர்ப் பொறியாளர் ஊகத்தைக் கைவிட்டு அளவையைக் கைக்கொண்டனர். மின்தடையை எவ்வூரிலும் ஒரே அளவால் அளப்பதற்கென 1861ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு குழு அமைந்தது. ‘ஓம்’ என்னும் அலகு அம்முயற்சியின் வழியே நிலைபெற்றது. ஒரு மைல் வடத்திற்கு எத்தனை ஓம் தடை என்பது தெரிந்துவிட்டால், கரையில் அமர்ந்தவாறே கடலடிப் பழுது எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்று கணக்கிடலாம். கப்பல் அவ்விடம் சென்று, கொக்கியிட்டு வடத்தைத் தூக்கும். வெட்டிய இடத்திலிருந்து இருகரையோடும் பேசிப் பார்ப்பர். எக்கரை பேசுகிறதோ அப்பக்கம் நலம். பேசாத பக்கத்தில் பழுது. பாதியாய்ப் பகுத்து, நலமான பாதியை ஒதுக்கி, எஞ்சியதை மீண்டும் பகுக்கும் இந்நெறியே தொடர்பு அறுந்த இடத்தைக் காணும் கலையின் அடிப்படை. தொடர்வாயிலுக்கும் இதுவே பொருந்தும்.

எழுத்தைப் பிரிக்கும் முறை

தந்திக் கம்பி ஒன்றே. அதில் ஒரு நேரத்தில் ஒரு குறிதான் செல்லும். ஆகவே எழுத்துகளைக் குறிகளாய் உடைத்து, ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையில் அனுப்ப வேண்டியதாயிற்று. தொடர்முறை என்பது இதுவே. பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1874ஆம் ஆண்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து குறிகள் என்னும் முறையை வகுத்தார். கம்பியில் நொடிக்கு எத்தனை குறிகள் செல்கின்றன என்பதை அளக்கும் ‘பாட்’ என்னும் அலகு அவர் பெயரால் அமைந்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. இடைவிடாது வரும் குறிகளுள் ஓர் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பெறுகின்ற பொறி எவ்வாறறியும்? பழைய ஓலைச்சுவடிகளைப் படித்தோர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர். சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. பிரிக்க வேண்டிய இடத்தை அறிந்தவனுக்குப் பொருள் விளங்கும். ஓரெழுத்துத் தள்ளிப் பிரித்தவனுக்கு அத்தனையும் பொருளற்ற ஒலியாய்ப் போகும். தந்திப் பொறிகளில் இதற்குத் தீர்வாக, ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறியும் பின்னே ஒரு முடிவுக் குறியும் சேர்க்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் வளர்ந்தது. தொடக்கக் குறியைக் கண்டவுடன் பெறுகின்ற பொறி தன் கடிகாரத்தை முடுக்கிக்கொள்ளும். இரு பொறிகளும் ஒரே வேகத்தில் எண்ணினால் மட்டுமே எழுத்துச் சரியாய் அமையும். வேகம் வேறானால் சுவடி தவறாய்ப் பிரிக்கப்பட்டதாகும்.

1960ஆம் ஆண்டில் அமெரிக்க மின்னணுத் தொழிலகங்களின் சங்கம் ஆர்எஸ்-232 என்னும் தரவரையறையை வெளியிட்டது. 1969ஆம் ஆண்டில் அது திருத்தம் பெற்றது. தட்டச்சுப் பொறியை ஒத்த முனையத்தைத் தொலைபேசி வழிச் செய்தி அனுப்பும் மோடத்தோடு இணைப்பதே அதன் நோக்கம். செய்தி செல்லும் கம்பியில் எதிர்மின்னழுத்தம் 3 முதல் 15 வோல்ட்வரை இருப்பின் அது ஒன்று. நேர்மின்னழுத்தம் அதே அளவில் இருப்பின் அது சுழியம். கம்பி ஏறத்தாழ 15 மீட்டருக்கு மேல் நீளலாகாது. ஒருபுறம் முனையம், மறுபுறம் மோடம் என்று கருதியே ஒவ்வொரு கம்பிக்கும் பணி வகுக்கப்பட்டது.

1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினி இத்தரத்தை 25 முனை இணைப்பியோடு ஏற்றது. 1984ஆம் ஆண்டில் வந்த அதன் அடுத்த வடிவம் 9 முனை இணைப்பிக்கு மாறியது. இம்மாற்றத்தில் ஒரு குழப்பம் பிறந்தது. 25 முனை இணைப்பியில் கணினி இரண்டாம் முனையால் பேசியது. மூன்றாம் முனையால் கேட்டது. 9 முனை இணைப்பியில் அது மூன்றாம் முனையால் பேசியது. இரண்டாம் முனையால் கேட்டது. இருபுறத்துக்கும் பொதுவான புவிமுனை முன்னதில் ஏழாவது, பின்னதில் ஐந்தாவது. எண்ணை மட்டும் நம்பிக் கம்பி பற்றவைத்தவர் பலர் ஏமாந்தனர்.

ரிசீவர் பேசாதபோது

முனையத்துக்கும் மோடத்துக்கும் என வகுத்த தரம், காலப்போக்கில் அவ்விரண்டும் அல்லாத கருவிகளுக்கும் பயன்படலாயிற்று. அவற்றுள் தலையாயது ஜிபிஎஸ் எனப்படும் இடங்காட்டி ரிசீவர். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் வகுத்த என்எம்இஏ 0183 என்னும் மரபின்படி இக்கருவிகள் நொடிக்கு 4,800 பிட் வேகத்தில் வாக்கியம் வாக்கியமாய்ப் பேசின. ஓர் எழுத்துக்குத் தொடக்க முடிவுக் குறிகளோடு 10 பிட் ஆதலின், நொடிக்கு 480 எழுத்துகள் செல்லும். வாக்கியத்தின் இறுதியில் சரிபார்க்கும் எண் ஒன்று வரும். அந்தாதியில் ஒரு செய்யுள் விடுபட்டால் தொடை அறுந்து காட்டிக்கொடுப்பதுபோல, ஓரெழுத்துச் சிதைந்தாலும் அவ்வெண் பொருந்தாது போகும்.

இத்தொடர்பு அறுந்தபோது ஆய்ந்தோர் கண்ட காரணங்கள் பல. அவற்றைக் கடலடி வடத்தாரின் நெறிப்படியே பகுத்துக் காணலாம்.

முதலில் ஆராயத்தக்கது கணினியின் பாதி. ரிசீவரைக் கழற்றிவிட்டு, கணினியின் பேசும் முனையையும் கேட்கும் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். இப்பொழுது தட்டச்சு செய்த எழுத்துத் திரையில் திரும்பி வந்தால் கணினியும் அதன் மென்பொருளும் நலமே. வாராவிடின் பழுது கணினிப் பக்கத்தில் உள்ளது. வேறொரு நிரல் அவ்வாயிலை முன்னரே பிடித்து வைத்திருக்கலாம். ஒரு வாயிலை ஒரு நேரத்தில் ஒரு நிரலே ஆள முடியும். பழைய கணினிகளில் முதல் வாயிலும் மூன்றாம் வாயிலும் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பகிர்ந்துகொண்டதால், இரண்டும் ஒருங்கே இயங்கும்போது ஒன்று ஊமையானதும் உண்டு.

அடுத்து ஆராயத்தக்கது ரிசீவரின் பாதி. மின்னளவியை எடுத்து, புவிமுனைக்கும் ஏனைய முனைகளுக்கும் இடையே அளக்க வேண்டும். எம்முனை எதிர்மின்னழுத்தத்தில் நிற்கிறதோ அம்முனையே அக்கருவி பேசும் முனை. அது கணினியின் கேட்கும் முனையோடு சேர வேண்டும். இருவரும் பேசும் முனையையே நீட்டிக்கொண்டிருந்தால், வாயோடு வாயும் காதோடு காதும் வைத்த கதையாகும். குறுக்கிட்டு மாற்றிய கம்பி அப்பொழுது தேவை. ரிசீவருக்குள்ளிருக்கும் சிறு சில்லுகள் சில 0 முதல் 3.3 வோல்ட்வரை மட்டுமே பேசுவன. அவற்றின் குறி, ஆர்எஸ்-232 குறிக்குத் தலைகீழானது. இடையே மாற்றிச் சில்லு ஒன்றின்றி அவற்றை நேரே இணைத்தல் ஆகாது.

மூன்றாவது, திரையில் பொருளற்ற எழுத்துகள் வருதல். இதனைக் கண்டு சோர்வார் பலர். ஆயின் இது நற்குறியே ஆகும். கம்பி நலம், முனை நலம், பேச்சு வருகிறது. வேகம் மட்டுமே வேறு என்பதை அது உணர்த்துகிறது. கணினியின் வேகத்தை 4,800 அல்லது 9,600 எனப் பொருத்தினால் குப்பை வாக்கியமாகும்.

நான்காவது, இசைவுக் கம்பிகள். ‘அனுப்பலாமா’ என்று ஒரு முனையும் ‘அனுப்பு’ என்று மறுமுனையும் சொல்லும் வழக்கம் மோடம் காலத்தது. ரிசீவரிலோ மூன்று கம்பிகளே உண்டு. கணினி இசைவுக்காகக் காத்திருந்தால் எந்நாளும் காத்திருக்கும். மென்பொருளில் அவ்வழக்கத்தை நீக்கிவிட வேண்டும்.

ஐந்தாவது ஒரு வேடிக்கை. கணினி எழும்போதே ரிசீவர் பேசிக்கொண்டிருந்தால், விண்டோஸ் இயக்க முறைமை அதனைத் தொடர்வாயில் வழி இணைந்த சுட்டெலி என்று மயங்கியது. திரையில் சுட்டுக்குறி தானே துள்ளி ஓடியது. கணினிக்கு நோய்க்கிருமி கண்டதென அஞ்சியோர் பலர். கணினி எழுந்த பின்னர் ரிசீவரை இயக்குவதே இதற்கு எளிய மருந்தாய் இருந்தது.

இனி, கம்பி முழுதும் நலமாயிருந்தும் செய்தி வெறுமையாய் வருவதுண்டு. வாக்கியங்கள் ஒழுங்காக வரும். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளிகள் மட்டும் வரும். அப்பொழுது குறை கம்பியில் இல்லை. ரிசீவரின் ஏரியலுக்கு வானம் தெரியவில்லை. தகரக் கூரைக்கடியில் அது அமர்ந்திருக்கிறது. அவ்வாறே, ரிசீவர் காட்டும் நேரம் மலேசிய நேரத்திற்கு 8 மணி பின்தங்குவதும் பழுதன்று. அது உலகப் பொதுநேரம். நாளே தவறி 1,024 வாரங்கள் பின்னே சென்றால், அதுவும் கம்பியின் குற்றமன்று. செயற்கைக்கோள்கள் வாரத்தைப் பத்து பிட்டுகளால் எண்ணுவதால் அவ்வெண்ணிக்கை 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் சுழியத்திற்குத் திரும்பியது. பழைய ரிசீவர்கள் சில அதனை அறிந்திலவாயின.

மலேசியாவின் இடிமழை தனியே கருதத்தக்கது. வெளியே ஏரியல், உள்ளே கணினி. இரண்டும் வேறு வேறு இடத்தில் புவியோடு இணைந்திருப்பின், அருகே மின்னல் விழும் வேளையில் இரு புவிமுனைகளுக்கிடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு எழும். அது செய்திக் கம்பியின் வழியே பாய்ந்து வாயிற் சில்லைக் கருக்கும். மின்காப்பிட்ட இணைப்பியும் ஒரே புவியிணைப்பும் இதற்குக் காப்பாகும்.

1996ஆம் ஆண்டில் யூஎஸ்பி வந்த பின்னர்த் தொடர்வாயில் கணினிகளிலிருந்து மெல்ல மறைந்தது. பழைய கருவிகளை இணைக்க மாற்றிக் கம்பிகள் வந்தன. அவற்றோடு புதிய குறைகளும் வந்தன. ஒரு துளையிலிருந்து மறுதுளைக்கு மாற்றிச் செருகினால் வாயில் எண் மாறும். போலிச் சில்லுக்கு இயக்கி மென்பொருள் பணியாது. ஆயினும் காணும் நெறி மாறவில்லை. பகுத்துப் பார், நலமான பாதியை ஒதுக்கு, எஞ்சியதைப் பகு.

2004 டிசம்பர் 26

கம்பிப் பழுதைக் காண்பது கடைக்காரர் வேலை, வரலாற்றுக்கு அதனால் என்ன என்று வினவுவார் உளராயின், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நினைவுகூர்தல் வேண்டும். அன்று மலேசிய நேரம் காலை 8.58 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடி நிலம் பிளந்தது. உலகெங்கும் நிலநடுக்கப் பொறிகள் அதனைப் பதிந்தன. நில அளவைத் துறையினர் நாட்டில் நிறுவியிருந்த நிலையான ஜிபிஎஸ் ரிசீவர்களும் அதனைப் பதிந்தன. லங்காவித் தீவு ஏறத்தாழ 17 செண்டிமீட்டர் நகர்ந்ததென்பது அப்பதிவுகளால் பின்னர்த் தெளிவாயிற்று. கருவிகள் எவையும் உறங்கவில்லை.

அலை கிழக்கிந்தியக் கரையைத் தாக்கியது. சென்னையில் அது கரையேறியது இந்திய நேரம் காலை 9 மணியளவில். அது மலேசிய நேரம் 11.30 மணியாகும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். பினாங்கை அலை அடைந்தது பிற்பகல் 1 மணியை ஒட்டியே. சென்னைக் கரை அழிந்ததற்கும் பினாங்குக் கரை அழிந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. 1871ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து பினாங்குக்குச் செய்தி சில நிமிடங்களில் வந்தது. 133 ஆண்டுகளுக்குப் பின்னர், செயற்கைக்கோளும் தொலைபேசியும் இணையமும் மிகுந்த காலத்தில், பத்து பெரிங்கிக் கடற்கரையிலும் பாலிக் புலாவ் கடற்கரையிலும் விடுமுறை நாளைக் கழித்துக்கொண்டிருந்தோர்க்கு ‘கரையை விட்டு ஏறுங்கள்’ என்னும் ஒரு சொல் வந்து சேரவில்லை. மலேசியாவில் மாண்ட 68 பேருள் 52 பேர் பினாங்கைச் சேர்ந்தவராவர்.

விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே தொடர்பு இருந்தது. நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே தொடர்பு இருந்தது. அலுவலகத்துக்கும் கரைக்கும் இடையே, கருவியைப் பார்ப்பவனுக்கும் அலையைப் பார்க்கப் போகிறவனுக்கும் இடையே, கடைசி முழக் கம்பி மட்டும் இல்லை. தோட்டத்து லயம்வரை வாராது நின்ற அதே கம்பி அது.

அதன் பின்னர் நாடுகள் விழித்தன. மலேசிய வானிலை ஆய்வுத் துறை 2005ஆம் ஆண்டில் தேசியச் சுனாமி முன்னெச்சரிக்கை அமைப்பை நிறுவியது. இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை நிறுத்தியது. கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவி ஒலியலையால் மிதவையோடு பேசும். மிதவை செயற்கைக்கோளோடு பேசும். செயற்கைக்கோள் கரையோடு பேசும். மிதவையின் வயிற்றுக்குள் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கு அந்தப் பழைய தொடர்முறையே பெரும்பாலும் கைகொடுக்கிறது. அங்கே ஓர் இணைப்பி உப்பேறித் துருப்பிடித்தால், மேலே செயற்கைக்கோள் எவ்வளவு நலமாய்ச் சுழன்றாலும் கரைக்குச் செய்தி வாராது. ஆகவே இரண்டு முழக் கம்பியின் நலம் ஆயிரம் உயிர்களின் நலமாதல் கூடும்.

நிபோங் திபாலில் மின்னியல் பயிலும் மாணவரும், அவர்க்குத் தமிழ் பயிற்றிய ஆசிரியரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தொடர்பு அறுந்தால் தொலைவைக் குறை கூறுவதே மாந்தர் இயல்பு. கடல் பெரிது, விண் தொலைவு என்பர். வைட்ஹவுஸ் அவ்வாறெண்ணியே வடத்தை எரித்தார். கடலும் விண்ணும் முன்பே கடக்கப்பட்டுவிட்டன. பழுது பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்தில், இருவர் ஒரே வேகத்தில் எண்ணாத இடத்தில், ஒருவர் பேச மற்றவர் கேட்காத இடத்தில் இருக்கிறது. அதனைக் காண்பதற்குப் பெருங்கருவி வேண்டா. ஒரு சிறு கம்பித் துண்டும், பாதி பாதியாய்ப் பகுத்துப் பார்க்கும் பொறுமையும் போதும்.